மருந்துக் காப்புரிமை: அவைக்கு வராத ஒப்பந்தங்கள்

உலக சுகாதாரம் என்றதும் ஜெனீவா மாநாடுகளே நினைவுக்கு வருகின்றன. ஏழை நாடுகளின் நோயாளிகளைக் காத்த முடிவுகளில் சில தில்லியில், நாடாளுமன்றத்தில் எடுக்கப்பட்டவை என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-இல் அளித்த அறிக்கையை அடியொற்றி இயற்றப்பட்டது 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம். மருந்துக்கு அல்ல, அதைத் தயாரிக்கும் முறைக்கே காப்புரிமை என்றது அச்சட்டம். ஆண்டுக்கு 10,000 டாலருக்கும் அதிகமாக விற்ற எய்ட்ஸ் கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தர 2001-இல் சிப்லா நிறுவனம் முன்வர முடிந்தது அதனால்தான்.

உலக வர்த்தக அமைப்பின் விதிகளுக்கு இணங்க, 2005-இல் மருந்துக்கே காப்புரிமை வழங்க நேர்ந்தது. அப்போது அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளின் வற்புறுத்தலால் சட்டத்தின் 3(டி) பிரிவு வலுவாக்கப்பட்டது. பழைய மருந்தில் சிறு மாற்றம் செய்து, நோய் தீர்க்கும் திறன் கூடாமலேயே புதிய காப்புரிமை கோருவதை அது தடுக்கிறது. கூட்டணி நிர்பந்தம் என்றாலே முகம் சுளிப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளீவெக்குக்குச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் உரிமை மறுத்தது. அப்பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் தொடுத்த வழக்கை 2007-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரலில் அந்த மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்றது. காசநோய் மருந்தான பெடாகுயிலின் மீதான உரிமையை நீட்டிக்கும் முயற்சி 2023-இல் தோற்றபோது, அதை எதிர்த்து மனு அளித்தவர்கள் அந்நோயிலிருந்து மீண்ட இருவர். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியர்கள் என்பதை நினைத்தால் இதன் பயன் விளங்கும். ஆனால், 2024 மார்ச்சில் விதிகள் திருத்தப்பட்டு, அதுவரை கட்டணமின்றி அளிக்க முடிந்த அத்தகைய மனுவுக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது.

2025 ஜூலையில் பிரிட்டனுடன் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், மருந்து எளிதில் கிடைக்கத் தன்னார்வ உரிமமே சிறந்த வழி என்கிறது. அந்த வழி போதாது என்பதால்தான் 2012-இல் நெக்சாவர் புற்றுநோய் மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது, மாதத்துக்கு ரூ.2.8 லட்சமாக இருந்த செலவு ரூ.8,800 ஆனது. கட்டாய உரிமம் வழங்கும் அதிகாரம் பறிபோகவில்லை என்று அரசு விளக்குகிறது. சட்டத்தின் எழுத்தில் அது உண்மையே. ஆனால், தன்னார்வ உரிமமே சிறந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்ட அரசு, நாளை ஒரு நிறுவனத்துக்கு எதிராக அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தத் தயங்காதா?

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இத்தகைய ஒப்பந்தம் 21 அமர்வு நாள்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். நமது அரசியல் சட்டத்தின் 253-ஆவது பிரிவோ, ஒப்பந்தங்களைச் செயல்படுத்தச் சட்டம் இயற்றும் அதிகாரத்தை மட்டுமே நாடாளுமன்றத்துக்குத் தருகிறது. கையெழுத்துக்கு முன் அவையின் ஒப்புதல் வேண்டும் என்று கூறவில்லை. வர்த்தகத் துறைக்கென நாடாளுமன்ற நிலைக்குழு இருக்கிறது. இனிவரும் ஒப்பந்தங்களின் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தை மட்டுமாவது முன்கூட்டியே அக்குழுவின் பார்வைக்கு அனுப்பச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.