பதினெட்டு வயசாச்சா? ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு!



பதினெட்டு வயசு முடிஞ்சதும் முதல் வேலையா என்ன செய்வீங்க? வோட்டர் ஐ.டி-க்கு மனு போடுவீங்க. லைசென்ஸ் வாங்க கிரவுண்டுல 'எட்டு' போட்டுப் பழகுவீங்க. அந்த லிஸ்ட்டுல இன்னொரு ஐட்டத்தையும் சேர்த்துக்கச் சொல்றாங்க நம்ம நாட்டு இதய மருத்துவர்கள். ரத்தத்துல கொலஸ்ட்ரால் எவ்வளவு இருக்குன்னு பார்க்கிற டெஸ்ட்! 'முதல் டெஸ்ட்டை 18 வயசுலயே எடுத்துடுங்க. குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுலேயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தா, அதுக்கு முன்னாடியே எடுங்க' என்கிறது, இந்திய இருதயவியல் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

"அதெல்லாம் தொப்பை வெச்ச அங்கிள்களோட சமாசாரமாச்சே... எங்களுக்கு எதுக்கு?" அப்படித்தானே கேட்கறீங்க? இதே கேள்வியை நம்ம வாசகர் ஒருத்தரும் கேட்டிருக்கார். மூன்றாம் ஆண்டு பி.காம் மாணவர். பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டதால் விஷயம் மட்டும் இங்கே:

'அப்பாவுக்கு வயசு 44. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சாங்க. என்னையும் தங்கச்சியையும் கொலஸ்ட்ரால் டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்றார் டாக்டர். எனக்கு 20 வயசு. எடை 52 கிலோ. ஹாஸ்டல்ல என் பட்டப்பேரே ஒட்டடைக்குச்சி. எனக்குப் போய் எதுக்கு சார் இந்த டெஸ்ட்?'

நியாயமான கேள்வி. ஆனா, ஒட்டடைக்குச்சிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் சம்பந்தம் உண்டு நண்பா!

வில்லன் இல்லை, வேலைக்காரன்!

முதல்ல ஒரு விஷயம். கொலஸ்ட்ரால் விஷம் கிடையாது. மெழுகு மாதிரியான ஒரு பொருள். நம்ம உடம்போட ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் எழுப்ப அது வேணும். ஹார்மோன் தயாரிக்க, வைட்டமின் டி தயாரிக்க, சாப்பிட்ட கொழுப்பைக் கரைக்கிற பித்தநீர் தயாரிக்க... எல்லாத்துக்கும் வேணும். அதனால, நாம சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் உடம்பு அதைத் தானே தயாரிச்சுக்கும். அதுல பெரிய ஃபேக்டரி கல்லீரல்.

பிரச்னை எங்கே வருதுன்னா, டிரான்ஸ்போர்ட்டில்! கொழுப்பு ரத்தத்துல கரையாது. அதனால அதைப் புரதம் கலந்த குட்டிக் குட்டி உருண்டைகள்ல ஏத்தி அனுப்பணும். எல்.டி.எல். என்பது ஊர் முழுக்க சரக்கு கொண்டுபோற லாரி. ஹெச்.டி.எல். என்பது மிச்சம் மீதியைத் திரும்பக் கல்லீரலுக்குக் கொண்டுவர்ற வண்டி. ரோட்டுல எல்.டி.எல். லாரிகள் அளவுக்கு மீறிப் போனா, ரத்தக் குழாயோட சுவருக்குள்ளேயே நுழைஞ்சு சரக்கை இறக்கிடும். வருஷக்கணக்கா இது நடந்தா, அந்த இடம் தடிச்சுக் கொழுப்புத் திட்டா மாறும். என்னைக்காவது ஒரு நாள் அந்தத் திட்டு வெடிக்க, ரத்தம் அங்கேயே உறைய, குழாய் அடைக்க... ஹார்ட் அட்டாக்!

அதுவரைக்கும்? வலி கிடையாது. தலைசுத்தல் கிடையாது. சொத்தைப் பல்லுகூட வலிச்சுக் காட்டிக்கொடுத்துடும். ஆனா, கொலஸ்ட்ரால் கூடினா காட்டிக்கொடுக்க ஆளே இல்லை. டெஸ்ட் எடுத்தாதான் தெரியும்.

அரியர் மாதிரிதான் பாஸ்!

'அதெல்லாம் நாற்பதுக்கு மேல பார்த்துக்கலாம்' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கொரியப் போரில் இறந்துபோன 300 அமெரிக்க வீரர்களோட இதயங்களை டாக்டர்கள் பரிசோதிச்சாங்க. அவங்களோட சராசரி வயசு 22. அதாவது உங்க செட்! நாலு பேர்ல மூணு பேருக்கு இதய ரத்தக் குழாய்ல நோயோட அடையாளம் தெரிஞ்சது. 1953-ல் இந்த ஆய்வு வெளியானபோது மருத்துவ உலகமே அதிர்ந்தது. அவங்க சோம்பேறிகள் இல்லை. தினமும் ஓடிப் பயிற்சி எடுத்த சிப்பாய்கள்.

ஆக, கணக்கு நாற்பதுல ஆரம்பிக்கலை. இப்பவே ஓடிக்கிட்டிருக்கு. முதல் செமஸ்டர்ல விழுந்த அரியர் அப்போ வலிக்காது. ஒவ்வொண்ணா சேர்ந்து, கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூ வரும்போதுதான் கழுத்தைப் பிடிக்கும். கொலஸ்ட்ராலும் அதே கேஸ்தான். எவ்வளவு கூடியிருக்குங்கிறது மட்டுமில்லை, எத்தனை வருஷமா கூடியிருக்குங்கிறதும் முக்கியம்.

அதுலயும் நமக்கு டைம் குறைவு. 2007-ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு முடிவுப்படி, தெற்காசியர்களுக்கு முதல் ஹார்ட் அட்டாக் மத்த நாட்டுக்காரங்களைவிட ஏறக்குறைய 6 வருஷம் முன்னாடியே வருது.

ஒட்டடைக்குச்சிக்கு எப்படி வரும்?

கல்லீரலுக்கு ரத்தத்துல இருந்து எல்.டி.எல்-லைப் பிடிச்சு உள்ளே இழுக்கிற கதவுகள் உண்டு. இதைக் கண்டுபிடிச்சவங்க மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள். 1985-ல் நோபல் பரிசு வாங்கினாங்க. சிலருக்குப் பிறக்கும்போதே, ஜீன் கோளாறால இந்தக் கதவுகள் பாதிதான் வேலை செய்யும். லாரிகள் உள்ளே போக வழியில்லாம ரோட்டுலயே சுத்தும். சுமார் 250 பேரில் ஒருத்தருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கு. ஒல்லியா, குண்டாங்கிற கேள்வியே இதுல கிடையாது.

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இது இருந்தா, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. டாஸ் போட்டுப் பார்க்கிற மாதிரி! சிலருக்குக் குதிகாலுக்கு மேல இருக்கிற தசைநாண் தடிச்சிருக்கும். கருவிழி ஓரத்துல சின்ன வயசுலயே வெள்ளை வளையம் தெரியும். பலருக்கு எதுவுமே தெரியாது.

உங்க அப்பாவுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. சிகரெட், சர்க்கரை, பிரஷர்னு காரணம் வேறயாவும் இருக்கலாம். ஆனா, அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயசுக்குள்ள, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயசுக்குள்ள இதய நோய் வந்தா, மத்தவங்களும் செக் பண்ணிக்கணும் என்பது டாக்டர்களோட பொது விதி. உங்க டாக்டர் சொன்னது இதைத்தான். தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க. 'பொண்ணுங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராது' என்பதெல்லாம் சுத்த ரீல்!

ரிப்போர்ட் வந்தாச்சு... எதைப் பார்க்கணும்?

டெஸ்ட்டோட பேர் 'லிப்பிட் புரொஃபைல்'. முதல் தடவைக்குப் பட்டினி கிடக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. டிரைகிளிசரைடு கூடுதலா வந்தா மட்டும் வெறும் வயித்துல இன்னொரு தடவை எடுக்கச் சொல்வாங்க.

எல்லாரும் மொத்த கொலஸ்ட்ராலை மட்டும் பார்த்துட்டு மடிச்சு வெச்சிடுவாங்க. மொத்த மார்க்கை மட்டும் பார்த்தா எந்தப் பேப்பர்ல கோட்டை விட்டோம்னு தெரியுமா? அதனால தனித்தனியா பாருங்க. எல்.டி.எல். 100-க்குக் கீழே இருக்கிறது நல்லது. ஹெச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கு மேலே, பெண்களுக்கு 50-க்கு மேலே. டிரைகிளிசரைடு 150-க்குக் கீழே. நம்ம ஊர்ல அடிக்கடி பார்க்கிறது ஹெச்.டி.எல். குறைச்சல், டிரைகிளிசரைடு கூடுதல். எல்.டி.எல். 190-ஐத் தாண்டினா, பரம்பரைக் கோளாறாங்கிற சந்தேகம் வரணும். கூகுளைத் தேடாம டாக்டரைத் தேடுங்க!

கேன்டீன்ல ஒரு ரவுண்டு!

எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது'ன்னு பெருசா போட்டிருப்பாங்க. தாவர எண்ணெய்ல கணக்குல எடுத்துக்கிற அளவுக்குக் கொலஸ்ட்ரால் எப்பவுமே கிடையாது. மொட்டைத் தலைக்கு 'பேன் இல்லை'ன்னு சர்டிஃபிகேட் கொடுக்கிற கதை! எல்.டி.எல்-லை ஏத்திவிடறது, உணவுல இருக்கிற கொலஸ்ட்ராலைவிட, பூரிதக் கொழுப்பும் டிரான்ஸ் கொழுப்பும்தான். நெய், வெண்ணெய், பாமாயில், தேங்காய் எண்ணெய், கறிக்கொழுப்புல இருக்கிறது பூரிதக் கொழுப்பு. டிரான்ஸ் கொழுப்புக்குப் பேர் போனது வனஸ்பதி. எண்ணெய், வனஸ்பதியில் அது 2 சதவிகிதத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 2022-ல் நம்ம நாட்டுல சட்டம் வந்தது.

அதனால முட்டை பரோட்டா கேஸ்ல முதல் குற்றவாளி முட்டை இல்லைங்க. மைதாவும், கல்லுல தாராளமா ஊத்தற கொழுப்பும்தான்! தினம் ஒரு முட்டை பெரும்பாலானவங்களுக்குப் பிரச்னை இல்லை. ஏற்கெனவே எல்.டி.எல். அதிகமா இருக்கிறவங்க மட்டும் டாக்டரைக் கேட்டுக்கோங்க.

கூட்டறது தெரிஞ்சது. குறைக்கிறது? வழவழன்னு கரையற நார்ச்சத்து! கொண்டைக்கடலைச் சுண்டல், அவரை, கொத்தவரை, வெண்டை, கொய்யா, ஓட்ஸ். பித்தநீரைக் கல்லீரல் கொலஸ்ட்ரால்லதான் தயாரிக்குதுன்னு சொன்னேனே... இந்த நார் அந்தப் பித்தநீரைக் கட்டி இழுத்துட்டு வெளியே போயிடும். புதுசா தயாரிக்க, கல்லீரல் ரத்தத்துல இருக்கிற எல்.டி.எல்-லைப் பிடிச்சாகணும். கேன்டீன் பப்ஸுக்குப் பதிலா ஒரு கப் சுண்டல் சாப்பிட்டா உள்ளே இவ்வளவு வேலை நடக்குது!

பஸ்ல ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடந்தா டிரைகிளிசரைடு இறங்கும். சிகரெட்டை விட்டா ஹெச்.டி.எல். ஏறும். ஆனா, ஒரு உண்மையையும் சொல்லிடறேன். பரம்பரைக் கோளாறு இருந்தா சுண்டலும் நடையும் மட்டும் போதாது. மாத்திரையும் வேணும்.

அப்பாவோட மாத்திரை

அந்த மாத்திரைக்குப் பேர் ஸ்டேட்டின். அகிரா எண்டோன்னு ஒரு ஜப்பான் விஞ்ஞானி, 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சைகளை ஒவ்வொண்ணா சோதிச்சு, 1973-ல் முதல் ஸ்டேட்டினைக் கண்டுபிடிச்சார். கல்லீரலோட தயாரிப்பை இது குறைக்கும். அப்போ கல்லீரல் கூடுதல் கதவுகளைத் திறந்து ரத்தத்துல இருக்கிற எல்.டி.எல்-லை இழுத்துக்கும். டோஸைப் பொறுத்து எல்.டி.எல். பாதியாகக்கூடக் குறையும்.

நம்ம வீடுகள்ல நடக்கிறது என்ன? மூணு மாசம் சாப்பிடுவாங்க. ரிப்போர்ட் நார்மல்னு வரும். 'அதான் சரியாயிடுச்சே'ன்னு நிறுத்திடுவாங்க. கொட்டற மழையில, 'நான் நனையவே இல்லையே'ன்னு நடுரோட்டுல குடையை மடக்கற மாதிரி! சில வாரத்துல எல்.டி.எல். பழைய இடத்துக்கே போயிடும். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு இது விளையாட்டு இல்லை. தசைவலி, வேறு தொந்தரவுன்னா டாக்டர்கிட்ட சொன்னா டோஸைக் குறைப்பார், மருந்தை மாத்துவார். தானா நிறுத்தறதுதான் தப்பு. வீட்டுல வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பார்த்துட்டு 'வெந்தயம் போதும்'னு ஆரம்பிச்சாங்கன்னா, உட்கார வெச்சுப் பேச வேண்டிய ஆள் நீங்கதான். அப்பா டாக்டர் பேச்சைக் கேட்காம இருக்கலாம். பிள்ளை பேச்சைக் கேட்பார்.

பி.காம் நண்பா... இந்த சனிக்கிழமையே தங்கச்சியோட லேபுக்குக் கிளம்புங்க. ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் நல்லா வந்தா, அப்பாகிட்ட காட்டுங்க. ஸ்டென்ட் வெச்ச நாள்லேர்ந்து அவர் மனசுக்குள்ள ஓடற பயம் அதுதான். ஒருவேளை கூடுதலா வந்தாலும் கலங்காதீங்க. அப்பாவுக்கு 44 வயசுல ஐ.சி.யூ-வுல தெரிஞ்ச விஷயம், உங்களுக்கு 20 வயசுல லேபுல தெரியுது. நடுவுல முழுசா 24 வருஷம் இருக்கு நண்பா. அரியரை கிளியர் பண்ண அது தாராளமா போதும்!

ஓகே ஃப்ரெண்ட்ஸ்... அடுத்த வாரம் சந்திப்போம்!