தேய்ப்பதா? வெட்டுவதா?



"கிரைண்டிங் என்றால் என்ன?" என்று வைவாவில் கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "கல்லில வச்சுத் தேய்க்கிறது சார்!" இந்தப் பதிலால் மார்க் மட்டும் போனால் பரவாயில்லை. கண்ணும் விரலும் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

கிரைண்டிங் வீல் வெட்டுகிறது. லேத்தில் ஒரே டூல் பார்க்கும் வேலையை இங்கே ஆயிரக்கணக்கான துகள்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒவ்வொரு துகளும் முதலில் உலோகத்தை உரசும். பிறகு ஏர் போல உழுது இருபுறமும் ஒதுக்கும். ஆழம் கூடியதும் சீவி எடுக்கும். நம்பிக்கை இல்லையா? வீலுக்கு அடியில் கிடக்கும் கரும்பொடியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். லேத் சிப் மாதிரியே சுருண்ட குட்டிச் சிப்புகள்! நாம் வேடிக்கை பார்க்கும் தீப்பொறியும் அதுதான். சூடேறிய சிப் காற்றில் எரிகிறது.

துகள் மழுங்கினால் வெட்டு குறையும், உரசல் கூடும், சூடு ஏறும். "தேய்க்கிறோம்" என்று நினைப்பவன் அப்போது என்ன செய்வான்? இன்னும் அழுத்துவான்! ஜாப் நீலம் பாயும். ஹார்டனிங் செய்த டூல் முனை பதம் இழக்கும். வீலில் விரிசல் இருந்தால் உடைந்து தெறிக்கும். 200 மி.மீ. வீல் 2,800 ஆர்.பி.எம்.மில் சுற்றினால் விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 105 கி.மீ. ஆரணி - ஆற்காடு பஸ் கூட அந்த வேகத்தில் போகாது!

"வெட்டுகிறோம்" என்று புரிந்தவன் டிரஸ்ஸரைக் கையில் எடுப்பான். மழுங்கிய துகளை உதிர்த்துக் கூரான முனையை வெளியே கொண்டு வருவான். கடினமான உலோகத்துக்கு ஏன் 'சாஃப்ட்' வீல் என்ற குழப்பமும் அவனுக்குத் தீரும். கடின உலோகம் துகளைச் சீக்கிரம் மழுக்கிவிடும். பிடிப்பு இளகிய வீல்தான் அதை உதிரவிட்டுப் புதுத் துகளுக்கு வழி விடும். வீலில் 'ஏ 46 கே 5 வி' என்று இருந்தால், 'கே' என்பது அந்தப் பிடிப்பின் அளவு. 1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்து கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. வீல் செய்யும் தொழில் வளர்ந்த தமிழ்நாட்டில் படிக்கும் நாம், வீல் மேலுள்ள ஐந்து குறியைப் படிக்கத் தெரியாமல் இருக்கலாமா?

முள்ளிப்பட்டில் தறி வீட்டுக் கத்தரிக்கோலைச் சாணை பிடிப்பவரைக் கவனியுங்கள். அழுத்தமாட்டார், தொட்டுத் தொட்டு எடுப்பார். அவருக்கு டிப்ளமோ இல்லை, விஷயம் தெரியும்!

"ஒரு மெஷினுக்கு இத்தனை பேர், டிரஸ்ஸிங்குக்கு ஏதுங்க டைம்?" என்பார்கள். கருகிய ஜாப்பை மறுபடி செய்ய மட்டும் டைம் இருக்கிறதா?

ஆகவே என் கருத்து இதுதான். முதல் கிரைண்டிங் வகுப்பிலேயே சிப்பைக் காட்டுங்கள். வீலைத் தட்டி ஓசை பார்க்கவும், டிரஸ் செய்யவும் தெரியாதவரை யாரையும் சுவிட்சைத் தொட விடாதீர்கள். நண்பர்களே, கண்ணாடி அணிவோம், பொறிக்கு நேரே நிற்காதிருப்போம், அழுத்தாமல் வெட்டுவோம்!