பால் டின்னில் பால் எங்கே?

ரப்பர்த் தோட்டத்தில் பால் நிறுக்கும் கொட்டகைக்கு ஒரு நிமிடம் வாருங்கள். காலையெல்லாம் மரம் சீவி, வாளி சுமந்து வருகிறான் தொழிலாளி. பாலை அளந்ததோடு விட்டுவிடுகிறார்களா? இல்லை. அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும், தண்ணீர் எவ்வளவு என்று சோதிக்கிறார்கள். தண்ணீர் கூடினால் கூலி குறையும். இங்கே கேமரன் மலையில் கொழுந்துக் கூடையைக் கிளறி முற்றல் இலை கலந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிராணி வேலை பார்க்கும் நானே அந்தக் கணக்கை எழுதுகிறவன்.

நம்மிடம் வாங்குகிறவனுக்கு இத்தனை கண்! சம்பள நாளன்று கடையில் காசைக் கொடுத்து வாங்கும் நமக்கு எத்தனை கண்?

நம் வீட்டு அலமாரியில் இருக்கும் 'பால் டின்'னை எடுங்கள். மேலே என்ன எழுதியிருக்கிறது? பல டின்களில் பால் என்ற சொல்லே இராது, 'கிரீமர்' என்றிருக்கும். அது என்ன? சீனி, செம்பனை எண்ணெய், கொஞ்சம் பால் பொருள். நூறு கிராமில் ஏறத்தாழப் பாதி சீனி! செம்பனை எண்ணெய் நஞ்சென்று நான் சொல்லவில்லை. சீனியையும் எண்ணெயையும் பால் என்று நம்பி வாங்குகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

அதைவிடக் கொடுமை பொட்டலத் தேநீர். வெந்நீரில் கொட்டிக் கலக்கும் அந்தப் பொட்டலத்தின் பின்புறத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் முதலில் சீனி, அடுத்து கிரீமர், அதற்குப் பிறகே தேயிலை! 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வந்த 1985-ஆம் ஆண்டு விதிகளின்படி, எது எடையில் அதிகமோ அதையே முதலில் எழுத வேண்டும். மழையிலும் பனியிலும் நின்று கொழுந்து பறிக்கும் கை, தேயிலைக்குக் கடைசி இடம் தரும் பொட்டலத்தைத் தேநீர் என்று காசு கொடுத்து வாங்குகிறது. என்னே விந்தை!

கணக்குப் பார்ப்போம். இரண்டு பெரிய கரண்டி கிரீமர் ஏறத்தாழ 40 கிராம். அதில் சீனி 20 கிராம். நாளைக்கு நான்கு கிளாஸ் குடித்தால் 80 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கூறிய அளவு என்ன? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்கு மேல் வேண்டாம்; 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. சோற்றில் கை வைக்குமுன்னரே நாம் எல்லையைத் தாண்டிவிட்டோம்!

விளைவு? 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் வளர்ந்தோரில் 100-க்கு 18 பேருக்கு இனிப்பு நீர் வியாதி. அவர்களில் இந்தியர் விகிதமே மிக அதிகம். என் தந்தையார் அதில் இரண்டு கால்விரல்களை இழந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றும் அவர் கேட்டது, "பால் ஊற்றி ஒரு தேத்தண்ணி குடுப்பா." ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். அது பால் என்றே அன்று நானும் நம்பியிருந்தேன்.

"வாயைக் கட்டத் தெரியாத கூட்டம்" என்று நம்மை ஏசுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய செய்தி சொல்கிறேன். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் பேசினார். சீனிப்பால் டின்னைக் கைக்குழந்தைக்கு உகந்ததென விளம்பரம் செய்து விற்றதை அவர் கண்டித்தார். குற்றவாளி, ஏமாந்த தாயா? ஏமாற்றி விற்றவனா? அந்தக் கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்று டின்னிலேயே கைக்குழந்தைக்கு ஏற்றதல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆனால் எறும்பளவு எழுத்தில்! படமும் பெயரும் மட்டும் எட்டடி தூரத்திலிருந்தே தெரியும்.

ஆகவே படிப்போம்! நான்கு மலாய்ச் சொற்கள் போதும். 'கூலா' என்றால் சீனி. 'காராம்' என்றால் உப்பு; நம் மிளகாய்க் காரமல்ல. 'மின்யாக் சாவிட்' என்றால் செம்பனை எண்ணெய். 'பெங்காவெட்' என்றால் கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து. கூலா முதலில் நிற்கிறதா? டின்னைக் கீழே வையுங்கள். பொட்டல மீயின் மசாலாத் தூளில் பாதியை எறியுங்கள். உப்பு அதிலேதான் குவிந்திருக்கிறது. கண் மங்கியவர்கள் பள்ளிப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். கிராணிமாரே, படித்த நாம் கடை வாசலில் நின்று படித்துக் காட்டினால் மதிப்புக் குறைந்துவிடாது. பக்கத்து லயத்து வங்காளதேசத் தோழருக்கும் சொல்லுங்கள். அவர் வாங்குவதும் அதே டின்தான்.

ஆனால் படிப்பது மட்டும் போதாது. தோட்டக் கடையில் கிரீமர் மட்டுமே இருந்தால் படித்து என்ன பயன்? முழுப்பால் மாவும் முட்டையும் நியாய விலையில் வைக்கும்படி கிளைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டு வருவோம். ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளுக்குக் கிரீமர் கலந்து கொடுக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் நிறுத்தச் சொல்வோம். கேமரன் மலைக் கோசும் தக்காளியும் லாரி லாரியாகக் கீழே இறங்குகின்றன. மலையில் உழைப்பவன் வீட்டிலோ டின் அடுக்கியிருக்கிறது! முதலில் நம் சங்கக் கூட்டத்துத் தேநீரிலிருந்தே தொடங்குவோம்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்த வெள்ளியை மருந்துக்கடையில் கொட்டவா கேட்டு வாங்கினோம்? நம் பாலைச் சோதித்துத்தான் வாங்குகிறார்கள். அவர்கள் பாலையும் சோதித்தே வாங்குவோம், தோழர்களே!