தெளிப்பான் சுற்றவில்லையா? மோட்டாரைத் திட்டும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. தமிழகத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. விலை இன்று பெரிய தடையில்லை. ஆனாலும் வாங்கிய தெளிப்பான்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில் கிடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். கேட்டால், "தலை சுத்தவே மாட்டேங்குதுங்க" என்பார்கள்.

பெரும்பாலும் குறை கருவியில் இல்லை. வயலில் இருக்கும் அழுத்தத்துக்குப் பொருந்தாத கருவி வந்து சேர்ந்திருக்கிறது. மானியம் பரப்பையும் பயிர் இடைவெளியையும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. சிட்டா, அடங்கலுக்குக் கொடுக்கும் கவனத்தை அழுத்தத்துக்கு நாம் கொடுப்பதில்லை. ஒருமுறை மானியம் பெற்றால் அதே நிலத்துக்கு மறுபடி பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் நட்டம் நமக்குத்தான்.

நிலக்கடலைக்கு 40 அடி இடைவெளியில் வைக்கும் முக்கால் அங்குலத் தெளிப்பானுக்கு 2 முதல் 3 கிலோ அழுத்தம் வேண்டும். மழைத்தூவான் அதற்கும் மேல் கேட்கும். சின்ன வெங்காயத்துக்குப் போடும் மினி தெளிப்பானுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ போதும். ரெயின் ஹோஸ் அரை கிலோ முதல் ஒரு கிலோவிலேயே தூவும். ஒரு கிலோ என்பது 33 அடி உயரத் தண்ணீரின் எடை. ஆகவே 10 அடி உயரத் தொட்டியில் இருந்து நேராகத் தெளிப்பான் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள், அதில் 0.3 கிலோதான் கிடைக்கும்.

அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைவது மட்டும் பிரச்சினையில்லை. நீர் பொடியாக உடையாமல் பெரிய துளிகளாக, ஒரு வட்டத்தின் ஓரத்தில் மட்டும் விழும். நடுவில் செடி வாடும்; ஓரத்தில் மண் இறுகும். முளைப்புப் பருவத்தில் இது விளைச்சலையே பாதிக்கும்.

அளப்பது எளிது. கடையில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி, கடைசித் தெளிப்பானின் அடியில் மாட்டுங்கள். மோட்டார் அருகே அளந்து பயனில்லை. எல்லாத் தலைகளும் ஓடும்போது பாருங்கள். அடுத்து 20 லிட்டர் வாளி. அது 10 நொடியில் நிறைந்தால் மணிக்கு 7,200 லிட்டர். ஒரு தலை மணிக்கு 1,500 லிட்டர் கேட்டால், கணக்குப்படி 4 தலைதான் ஓடும். வாளியில் கொட்டுவது தடையில்லாத தண்ணீர். அழுத்தத்தோடு தள்ளும்போது அளவு குறையும். அதனால் 3 தலையில் தொடங்குங்கள். 8 தலையை மாட்டிவிட்டு மோட்டாரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

குழாயைச் சிறிதாக்கினால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். ஹோஸ் வாயில் கட்டைவிரலை வைத்துப் பழகிய பழக்கம்! முனையைச் சிறிதாக்கினால் பலன் உண்டு. நீளக் குழாயைச் சிறிதாக்கினால் உராய்விலேயே அழுத்தம் போய்விடும். ஒரே குழாயில் இருமடங்கு தண்ணீர் தள்ளினால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். எனவே 63 மி.மீ. குழாயில் திணறினால் 75 மி.மீ.க்கு மாறுவது நல்லது. அதற்கு முன் கப்ளர் வாஷர்களைப் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் பீய்ச்சும் தண்ணீர் அத்தனையும் உங்கள் அழுத்தம். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கழுவ வேண்டிய நேரம்.

சூரியசக்தி பம்பு வைத்திருப்பவர்கள் தெளிப்பானை உச்சி வெயிலுக்கு முன்னும் பின்னுமான சில மணி நேரத்துக்கே ஒதுக்க முடியும். காலை, மாலை வரும் மெல்லிய தண்ணீரைத் தரைத்தொட்டியில் சேர்த்து, சிறு மோட்டாரால் தள்ளலாம். மோட்டார், குழாய், தொட்டிக்குத் துணைநிலை நீர் மேலாண்மைத் திட்டத்தில் தனி உதவி இருப்பதால், வேளாண்மை, தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

களப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வயலைப் பார்வையிடும் நாளில் வாளிக் கணக்கையும் கேஜ் அளவையும் கோப்பில் எழுதுங்கள். கோடையில் கிணறு இறங்கும்போது அழுத்தமும் இறங்கும் என்பதால், ஐப்பசி அளவை வைத்து சித்திரைக்குத் திட்டமிட வேண்டாம். விவசாயிகள், சோதனை ஓட்டத்தில் கடைசித் தெளிப்பானில் கேஜைக் காட்டச் சொல்லி, அதன் பிறகே கையெழுத்திடுங்கள்.