டீ ஆத்துறதும் ஒரு ஷோதான் பாஸ்! - 'தீம்' வண்டிக்கடை கனவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

சென்னையிலிருந்து பெங்களூரு போகும் தேசிய நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டினால் பாலுசெட்டி சத்திரம் வரும். அங்கிருந்து உள்ளே திரும்பினால் திருப்புட்குழி. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான விஜயராகவப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் ராத்திரி பகலா வண்டி ஓடும் ரோடு, இன்னொரு பக்கம் சத்தமே இல்லாத குளக்கரை.

இந்த மாதிரி ஊர்களில் டிகிரி முடிச்சுட்டு, கம்பெனி வேலையும் பிடிக்காம, 'நாமளே ஒரு வண்டி போட்டா என்ன?'ன்னு யோசிக்கிற பசங்களும் பொண்ணுங்களும் இப்போ நிறைய. ஆனா இப்போதைய கனவு வெறும் டீ வண்டி இல்ல. வண்டிக்கு ஒரு தீம் வேணும். கலர் லைட் வேணும். கிளாஸை நீட்டுறதுல ஒரு ஸ்டைல் வேணும். வர்றவங்க முதல்ல போனை எடுக்கணும், அப்புறம்தான் கிளாஸை எடுக்கணும். மொத்தத்தில் குடிக்கிறது பாதி, பார்க்கிறது பாதி.

தப்பே இல்ல. ஆனா அந்த 'பார்க்கிறது பாதி'க்கு யார் காசு கொடுக்கிறாங்க, அது எத்தனை நாள் நிக்கும்னு யோசிச்சுட்டு இறங்குறது நல்லது. ஏன்னா, பல வீடுகள்ல வண்டிக்கான முதல் என்பது அடகுக்கடையில் இருக்கும் அம்மாவோட தோடு.

நாக்பூர் டீயும் பில் கேட்ஸும்

இந்த ஆசைக்கு இந்திய அளவில் ஒரு முகம் உண்டுன்னா, அது நாக்பூர் 'டாலி சாய்வாலா'. இயற்பெயர் சுனில் பாட்டீல். கலர் கண்ணாடி, கழுத்து நிறைய செயின், உயரத்திலிருந்து பாலை ஊற்றும் வேகம்னு ரோட்டோர டீயை ஒரு ஆக்‌ஷன் சீன் மாதிரி மாத்தினவர். தென்னிந்தியப் படங்களைப் பார்த்துப் பிடிச்ச ஸ்டைல் இதுன்னு அவரே சொல்லியிருக்கார். 2024 பிப்ரவரியில் பில் கேட்ஸ் அவர் வண்டிக்கு முன்னால் நின்னு டீ கேட்கும் வீடியோ வந்ததும், உலகத்துக்கே தெரிஞ்ச முகமாயிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அந்த வீடியோ எடுக்கப்பட்டது நாக்பூரில் இல்ல, ஹைதராபாத்தில். வாடிக்கையாளர் வண்டியைத் தேடி வரல, வண்டியே கேமராவைத் தேடிப் போச்சு. அப்பவே அது டீ வியாபாரத்திலிருந்து வேறொரு வியாபாரமா மாறிடுச்சு. 2025 ஜூலையில் ஃப்ரான்சைஸ் அறிவிப்பு வந்தது. வண்டிக்கடைக்குச் சுமார் 4.5 லட்சம் ரூபாயில் ஆரம்பிச்சு, பெரிய கஃபேவுக்கு 43 லட்சம் வரை ஆகும்னு செய்திகள் சொன்னன. இப்போ அங்கே விற்பனைக்கு இருப்பது பேரும் ஸ்டைலும்தான்.

சரி, அந்த ஸ்டைலை இன்னொருத்தர் வாங்கி நம்ம ரோட்டில் நின்னா என்ன ஆகும்? சிம்பிளா ஒரு கணக்கு போடுவோம்.

90,000 டீ

ஒரு டீக்கு எல்லாச் செலவும் போக 5 ரூபாய் நிக்குதுன்னு வெச்சுக்குவோம். 4.5 லட்சம் முதலைத் திரும்ப எடுக்க 90,000 டீ விக்கணும். ஒரு நாளைக்கு 150 டீன்னா 600 நாள். ஒரு நாள்கூட லீவு போடாம, மழைக்கு ஒதுங்காம 20 மாசம். அதுவரைக்கும் உங்க கூலி பூஜ்யம். வட்டி தனி.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஷோ நேரத்தைச் சாப்பிடும். கிளாஸைச் சுத்தி, தீயைக் காட்டி, போஸ் கொடுத்து ஒரு கிளாஸுக்கு 2 நிமிஷம் ஆனா, மணிக்கு 30 கிளாஸ்தான். சாயங்காலக் கூட்டம் 3 மணி நேரம்னா 90 கிளாஸோட கதை முடிஞ்சுது. கூட்டம் நிறைய இருக்கிற மாதிரி தெரியும், கல்லா மட்டும் காலியா இருக்கும். கூட்டத்தில் பாதிப் பேர் வீடியோ எடுக்க வந்தவங்களா இருந்தா இன்னும் மோசம்.

அப்போ ஷோவே வேண்டாமா? அப்படிச் சொல்ல முடியாது. ஏன்னா நம்ம ஊர் டீக்கடை எப்பவுமே ஷோதான்.

வேலையே வித்தை

டீ மாஸ்டர் கையைத் தலைக்கு மேல தூக்கி ஒரு முழம் நீளத்துக்கு டீயை ஆத்துறதை எத்தனை தடவை வாய் பார்த்து நின்னிருப்போம்! அவர் யாரையும் கவர அதைச் செய்யல. ஆத்தினா சூடு குறையும், சர்க்கரை கரையும், நுரை வரும். டபரா டம்ளரில் ஃபில்டர் காபியை ஆத்துறதும் இதே காரணத்துக்குத்தான். அங்கே பார்க்க அழகா இருக்கிற அசைவு எதுவோ, அதுதான் ருசிக்கும் காரணம்.

இதே கை வித்தை கடல் தாண்டியும் போயிருக்கு. மலேசியாவின் 'தே தாரிக்' என்றால் 'இழுத்த டீ'. அங்கே குடியேறிய தமிழ் முஸ்லிம்கள் நடத்திய 'மாமாக்' கடைகளோடு வளர்ந்த பானம் அது. 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரிக்கும் அதில் இருந்தது.

கேரளாவின் குலுக்கி சர்பத்தைப் பாருங்க. எலுமிச்சை, ஊறிய சப்ஜா விதை, கீறின பச்சைமிளகாய், ஐஸ் எல்லாத்தையும் போட்டு, ரெண்டு டம்ளரை வாயோடு வாய் சேர்த்துத் தலைக்கு மேல குலுக்குறாங்க. அந்தக் குலுக்கலில்தான் சர்பத் ஜில்லுன்னு ஆகுது, காரம் இறங்குது. குலுக்கலை நிறுத்தினா பானமும் இல்ல, பேரும் இல்ல.

கோலி சோடா இன்னும் சுவாரஸ்யம். 1872-ல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற பாட்டில் அது. சோடாவின் வாயு அழுத்தம் கோலியை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கும் ரப்பர் வளையத்தோடு ஒட்ட வைக்கும். அதுதான் மூடி. அழுத்தினா 'டப்'! விளம்பரத்துக்காக யாரும் அந்தச் சத்தத்தைச் சேர்க்கல, மூடி திறக்கும் சத்தம் அது. 150 வருஷம் கழிச்சும் அந்தச் சத்தத்துக்கு மார்க்கெட் இருக்கு. 2025 மார்ச்சில் மத்திய வர்த்தக அமைச்சகம், 'கோலி பாப் சோடா' என்ற பெயரில் அது அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா, வளைகுடா நாடுகளுக்குப் போவதாக அறிவித்தது.

பணக்கார உலகத்திலும் இதே விதிதான். லண்டன் கன்னாட் ஹோட்டல் பாரில் ஒரு தள்ளுவண்டி மேஜைக்கே வரும். வந்தவர் வாசனைச் சாறுகளை முகர்ந்து தனக்குப் பிடிச்சதைத் தேர்ந்தெடுப்பார். அப்புறம் உயரத்திலிருந்து ஊற்றிக் கலந்து தருவாங்க. 2020, 2021 என ரெண்டு வருஷம் உலகின் சிறந்த 50 பார்கள் பட்டியலில் முதலிடம் பிடிச்ச இடம் அது. அங்கே ஷோன்னு இருப்பது ரெண்டே விஷயம்: வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கிறார், கண்ணெதிரே கலக்குறாங்க. நம்ம ஜூஸ் கடையில் 'ஐஸ் கம்மியா, சர்க்கரை பாதி'ன்னு சொல்லி நிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்!

புகை எங்கிருந்து வருது?

பிரச்னை ஆரம்பிக்கிறது, பானத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டும்போதுதான்.

2024-ன் முதல் நாலு மாசத்தை மட்டும் எடுத்துக்குங்க. பிப்ரவரியில், ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததால் தமிழக அரசு பஞ்சுமிட்டாய்க்குத் தடை போட்டது. மார்ச்சில், குருகிராமில் ஓர் உணவகத்தில் வாய் மணக்கக் கொடுக்கிற பொருளுக்குப் பதிலா உலர் பனிக்கட்டியைக் கொடுக்க, சாப்பிட்டவங்க ரத்தம் கக்கி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. ஏப்ரலில், கர்நாடகாவின் தாவணகெரேயில் 'ஸ்மோக் பிஸ்கட்' சாப்பிட்ட சிறுவன் துடிக்கும் வீடியோ பரவியது. உடனே தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை, திரவ நைட்ரஜனை உணவோடு நேரடியாகக் கொடுக்கக் கூடாதுன்னு எச்சரிச்சுது.

திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. உலர் பனிக்கட்டி மைனஸ் 78. ரெண்டுமே வாயில் படக்கூடாத பொருள். அந்தப் புகையால் பானத்துக்கு ருசி ஏறாது. வீடியோவுக்கு 3 செகண்ட் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆக, தீம் வண்டி யோசிக்கிற யாருக்கும் ஒரே ஒரு சோதனை போதும். உங்க ஷோவை எடுத்துட்டா பானத்தின் ருசி குறையுமா? குறைஞ்சா அது நல்ல ஷோ. எந்த மாற்றமும் இல்லைன்னா அது வெறும் செலவு. பானம் பாழாகாம ஆள் மட்டும் பாழாகிற ஷோன்னா, அதைத் தொடவே வேண்டாம்.

திருப்புட்குழியில் ஒரு வண்டி

இப்போ ஆரம்பிச்ச ஊருக்கே திரும்புவோம். அங்கே வண்டி போடணும்னா தீமைத் தேடி நாக்பூர் போக வேண்டாம்.

புள் என்றால் பறவை. ராவணனோடு போராடி உயிர்விட்ட ஜடாயுவுக்கு ராமன் இறுதிச் சடங்கு செய்த இடம் என்பது தலபுராணம். கோயில் குளத்துக்கே ஜடாயு தீர்த்தம்னு பேர். அதுக்காக இறக்கை மாட்டிக்கிட்டு நின்னு டீ விக்கச் சொல்லல! ஊர்க்காரங்களுக்கு அது நம்பிக்கை, வேஷம் கட்டுற விஷயமில்ல. ஊர்ப் பேரின் அர்த்தத்தை நாலு வரியில் ஒரு பலகையில் எழுதி வண்டியில் மாட்டினா போதும். காத்திருக்கிற 2 நிமிஷத்தில் படிச்சுட்டு, 'கோயில் எந்தப் பக்கம்?'னு கேட்பாங்க.

பானம்? ராமநவமின்னா நினைவுக்கு வருவது பானகமும் நீர்மோரும். விஜயராகவன் ஊரில் அதைவிடப் பொருத்தம் வேற என்ன இருக்கு! சின்ன உரலில் சுக்கையும் ஏலக்காயையும் 'டொக் டொக்'னு தட்டுறது ஒரு சத்தம். வாடிக்கையாளர் கண்ணெதிரே எலுமிச்சை பிழியறது ஒரு வாசனை. மத்தில் மோர் கடையறதைப் பார்த்தே இராத சென்னைக் குழந்தை காரிலிருந்து இறங்கி வரும். இதில் எதையும் எடுக்க முடியாது, எடுத்தா ருசி போயிடும். வெல்லத்தை முன்னாடியே கரைச்சு வடிகட்டி வெச்சுட்டு, கடைசித் தட்டலையும் பிழிதலையும் மட்டும் முன்னால் செய்தா, கிளாஸுக்கு அரை நிமிஷம் போதும். கணக்கும் இடிக்காது.

வண்டி வடிவமைப்பிலும் லைட்டுக்கு முன்னாடி தண்ணீர். குடிநீர் எங்கே இருக்கு, கை எங்கே கழுவுறீங்க, ஐஸ் எதில் இருக்குன்னு வெளியிலிருந்தே தெரியணும். விலைப்பலகை பெருசா இருக்கணும். சுத்தமும் கண்ணுக்குத் தெரியும் ஷோதான். அதுக்குத்தான் ரெண்டாவது தடவை வர்றாங்க.

யாரும் சொல்லாத பேப்பர் வேலை

ரீல்ஸில் வராத பகுதி இது. தெருவோர வியாபாரிகளைக் காப்பாற்ற 2014-ல் வந்த மத்தியச் சட்டம், நகர உள்ளாட்சிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. நகர விற்பனைக் குழு, அடையாள அட்டை, சும்மா அகற்ற முடியாது என்ற பாதுகாப்பு எல்லாம் அங்கேதான். கிராம ஊராட்சியில் நிற்கும் வண்டிக்கு அந்தக் குடை பொதுவா கிடைக்காது. நெடுஞ்சாலை நிலத்தில் அனுமதியில்லாம கடை போட்டா, 2002-ம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலை நிலச் சட்டப்படி அகற்றலாம். 4.5 லட்ச ரூபாய் வண்டியா இருந்தாலும் அகற்றலாம்!

சட்டத்தை விடுங்க, வேகமா வர்ற ரோட்டில் ஒரு ஷோ கூட்டம் சேர்த்தா, பின்னால் வர்ற லாரிக்கு பிரேக் பிடிக்க இடம் வேணும். அதனால், வண்டிகள் ஒதுங்கி நிற்க வசதியுள்ள தனியார் இடத்தில் வாடகைக்கு நிற்பதே உத்தமம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிக்கான பதிவை ஆன்லைனிலேயே செய்துக்கலாம்.

கடன் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. 2020-ல் தொடங்கிய 'பி.எம். ஸ்வநிதி' திட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் மாற்றியமைத்து, 2030 மார்ச் வரை நீட்டிச்சிருக்காங்க. முதல் தவணை 15,000, அதைக் கட்டினா 25,000, அடுத்து 50,000 ரூபாய். நகர எல்லையைத் தாண்டி, நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியா விரிவாக்குவதாகவும் அறிவிச்சிருக்காங்க. உங்க ஊர் அந்தப் பட்டியலில் வருதான்னு பேங்கில் கேளுங்க.

அதே 5 ரூபாய் லாபக் கணக்கில் 15,000 ரூபாயைத் திருப்ப 3,000 கிளாஸ் போதும். தினம் 150 கிளாஸ்னா 20 நாள். அந்தப் பக்கம் 20 மாசம், இந்தப் பக்கம் 20 நாள். தோத்தாலும் எழுந்துக்க முடியுற தொகை இது. தோட்டை மீட்கவும் முடியும்.

ரீல்ஸைப் பார்த்து வர்ற கூட்டம் ஒரு தடவை வரும், வீடியோ எடுக்கும், அடுத்த வண்டிக்குப் போயிடும். உங்களுக்கு வாடகை கட்டப்போறது, தினமும் டூட்டிக்குப் போற வழியில் நின்னு, போனை எடுக்காம, 'அண்ணா, வழக்கம்போல ஒண்ணு'ன்னு கேட்கிற ஆள்தான். அவருக்கும் நீங்க உரலில் தட்டுற சத்தம் பிடிக்கும். ஆனா அவர் வர்றது பானகத்துக்கு!