உபதேசம் போதும், சட்டம் வேண்டும்

தாமிரபரணி ஒரே ஆறு. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறவரை தண்ணீருக்குச் சாதி கிடையாது. ஆனால் எங்கள் ஊரில் எங்கம்மா குளித்த துறை வேறு, ஊர்க்காரர்கள் குளித்த துறை வேறு. கீழ இறங்கித்தான் குளிக்கணும், மேல போனா அடி. அந்தத் துறையை எந்தச் சாமியாரின் உபதேசமும் திறந்துவிடவில்லை. ‘கேஸ் போட்டுருவாவ, உள்ள போயிருவோம்’ என்கிற பயம் வந்த பிறகுதான் திறந்தது.

அதனால்தான் கேட்கிறேன். திருநங்கையர், திருநம்பியர், தன் பாலாரையே நேசிக்கிற ஆண்கள், பெண்கள் ஆகியோரைப் பாதுகாக்க மாநிலச் சட்டம் வேண்டும் என்றால், ‘அது மனசு மாறணும் தோழர், சட்டம் போட்டு என்ன ஆகப்போவுது?’ என்று நம் ஆட்களே சொல்லலாமா? மனசு மாறட்டும் என்று நம் பாட்டன்மார் காத்துக் கிடந்திருந்தால் நாம் இன்னும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டுதான் தெருவில் நடப்போம்.

1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருவும் கிணறும் எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். சர்க்காரும் ஒத்துக்கொண்டு ஆணை போட்டது. தெரு திறந்ததா? 1950இல் அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதை மீறுகிறவனைத் தண்டிக்க 1955இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் பத்தாமல் 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அறுபத்தைந்து வருடத்தில் நாம் படித்த பாடம் இது: தண்டனை இல்லாத உரிமை வெறும் காகிதம்.

இப்போது இவர்கள் கையில் இருக்கிற காகிதங்களைப் பாருங்கள். 2008இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியம் தமிழ்நாட்டில் அமைந்தது. 2014இல் உச்சநீதிமன்றம் நல்சா வழக்கில் திருநரின் பாலின அடையாளத்தை உரிமையாக ஏற்றது. 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த வயதுவந்தோரின் ஒருபால் உறவு குற்றமல்ல என்று 377ஆவது பிரிவை வெட்டியது. 2019 ஏப்ரலில், நம் ஆறு போய்ச் சேருகிற தூத்துக்குடி மாவட்டத்து ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட கல்யாணத்தைப் பதிவு செய்யச் சொல்லி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிய இரண்டு பெண்களின் வழக்கில், 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘மாற்றுகிறோம்’ என்று செய்யும் வைத்தியத்துக்குத் தடை போட்டார். அந்த வழக்கின் பலனாக 2022இல் காவலர் நடத்தை விதிகளில், இம்மக்களைத் துன்புறுத்தக் கூடாதென்று 24-சி என்ற விதி சேர்ந்தது.

எல்லாம் சரிதான். ஆனால் ஒரே அறையில் வாழ்கிற இரண்டு பெண்களை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால், ஜவுளிக்கடை முதலாளி ‘நாளையிலிருந்து வராதே’ என்றால், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அரசியல் சாசனம் சர்க்காரைக் கட்டுப்படுத்துகிறது. முதலாளியையும் வீட்டுக்காரரையும் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும். 2019இல் மத்திய அரசு இயற்றிய சட்டம் திருநருக்கு மட்டும். அதிலும் திருநர் மீதான பாலியல் கொடுமைக்கு அவர்கள் எழுதிய தண்டனை 6 மாதத்திலிருந்து 2 வருடம். அந்த உடம்புக்கு அவ்வளவுதான் விலை போட்டார்கள்.

போலீஸின் விதி புஸ்தகத்தையா நம்பச் சொல்கிறீர்கள்? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனவர்களைத் தடியால் அடித்து ஆற்றுக்குள் விரட்டி 17 பேரைப் பறிகொடுத்த திருநெல்வேலி இது. தடிக்கும் விதிக்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும்.

சாதியும் பாலினமும் ஒரே உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகிறது? 2015இல் தமிழக அரசு திருநங்கையரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தது. கேக்க நல்லாத்தான் இருக்கு. உள்ளே போய்ப் பாருங்க. அதையொட்டித் தேர்வாணையம் எழுதிய விதியில், சாதிச் சான்றிதழ் இல்லாதவர் மிகவும் பிற்படுத்தப்பட்டவராக விண்ணப்பிக்கலாம். மற்றச் சாதிக்காரர் தன் சாதியா, மிகவும் பிற்படுத்தப்பட்டோரா, எது லாபமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். பட்டியல் சாதி, பழங்குடிச் சான்றிதழ் உள்ளவர் மட்டும் தன் சாதிப் பிரிவிலேயே நிற்க வேண்டும். சேரியில் பிறந்ததற்கு ஒரு அடி, திருநங்கை ஆனதற்கு ஒரு அடி. ஆனால் சர்க்கார் கணக்கில் ஒரு அடிதான்.

இதற்குப் பதில்தான் கிடைமட்ட இடஒதுக்கீடு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பொது என்று எல்லாப் பிரிவுக்குள்ளும் திருநருக்கு ஒரு பங்கு. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த தலித் திருநங்கை கிரேஸ் பானு ஆண்டுக்கணக்காக இதைத்தான் கேட்டு வருகிறார். கர்நாடகம் 2021இல் அரசு வேலைகளில் 1 சதவீதம் கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், 2015 ஆணை பாலினத்தைச் சாதியாக நடத்துகிறது, செல்லாது என்று சொல்லி, இங்கும் 1 சதவீதம் கொடுக்க உத்தரவிட்டது. ஒரு நீதிபதி கொடுத்ததை அடுத்த அமர்வு எடுத்துவிடலாம். சட்டமன்றம் எழுதினால், பறிப்பவர்கள் ஊரறியக் கைதூக்கித்தான் பறிக்க வேண்டும்.

‘மொதல்ல சாதி ஒழியட்டும், இதெல்லாம் பொறவு பாப்போம்’ என்கிறார்கள். சாதி எங்கே இருக்கிறது, அண்ணாச்சி? வீட்டுக்குள் இருக்கிறது. யாரை யார் தொடலாம், யாரோடு யார் படுக்கலாம், யார் வயிற்றில் யார் பிள்ளை என்று காவல் காக்கிற இடத்தில் இருக்கிறது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் ஒரு தலித் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆதிக்க சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காக அவளுடைய தம்பி வெட்டியதாக வழக்கு. இப்படிப் பிள்ளைகளைக் காவல் காக்கிற அதே வீடுதான், பெண்ணை நேசிக்கிற பெண்ணைக் கட்டாயக் கல்யாணத்தில் தள்ளுகிறது, சேலை கட்டிய பிள்ளையை வெளியே விரட்டுகிறது. நம் சேரி வீடுகளும் இதற்கு விலக்கில்லை. அப்பன் கௌரவம் என்கிற சரக்கை ஆதிக்க சாதியிடமிருந்து நாமும் கடன் வாங்கி வைத்திருக்கிறோம். சாதி ஒழிப்பு வீட்டுக்குள் நுழையாமல் வாசலோடு நின்றால் சாதி ஒழியாது.

ஆகவே ஐந்து கோரிக்கை. வீடு, வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, கடை எங்கும் பாலினத்தாலும் பால் ஈர்ப்பாலும் ஒதுக்குவதைத் தண்டிக்கும் மாநிலச் சட்டம் வேண்டும். பாதிக்கப்பட்டவர் தலித்தானால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்து பாய வேண்டும். கிடைமட்ட இடஒதுக்கீட்டைச் சட்டமாக்க வேண்டும். ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டத்துக்காக 2025 அக்டோபரில் நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தார்களே, அந்தச் சட்டத்தின் காவலுக்குள் ஒருபால் இணையரும் திருநரின் இணையரும் வர வேண்டும். நெல்லை மாநகராட்சி தன்னிடம் உரிமம் வாங்குகிற லாட்ஜ், மண்டபம், கடை எதிலும் இவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று தீர்மானம் போட வேண்டும். இதற்குச் சென்னைக்குப் போக வேண்டாம். நாம் ஓட்டுப் போட்ட கவுன்சிலரின் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

திங்கள்தோறும் கொக்கிரகுளத்தில் மனு வாங்குகிறார்கள். பட்டாவுக்கும் சுடுகாட்டுப் பாதைக்கும் மனு எழுதுகிற நம் கைகள் இதற்கும் எழுதட்டும். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறோம், பறை அடிக்கிறோம். மறுநாள் 15 தமிழ்நாட்டில் திருநங்கையர் தினம். முந்தின நாள் அடித்த பறை அன்றைக்கு மட்டும் ஏன் மூலையில் கிடக்கிறது, தோழர்களே?