கணக்குப்பிள்ளை வரட்டும், கணக்கும் வெளியே வரட்டும்!

கம்பெனிகளுக்கு லாபக் கணக்குப் போட்ட பொருளாதார அறிஞர்கள் நகர நிர்வாகங்களில் பதவிக்கு வருகிறார்கள். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில், தனியார் ஆலோசனை நிறுவனத்தில் இருந்த டெட் ஈகன் 2007-ல் நகர அரசின் தலைமைப் பொருளாதார அறிஞரானார். நம் மாநகராட்சிகளுக்கும் இப்படி ஆள் வேண்டும் என்போர் உண்டு.

வரட்டும். நாம் படிப்புக்குப் பகைவர்கள் அல்லர். வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வி: ஐயா, உங்கள் ஏட்டில் நாங்கள் வரவா, செலவா?

இது வீம்புக்குக் கேட்பதல்ல. விலே பார்லேயில், மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரம், காமராஜ் நகர். 1960 வாக்கில் அங்கே தண்ணீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் போட்ட குடிசைகள் அவை. நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் மாநகராட்சியின் ஏட்டில் ஆக்கிரமிப்பாளன்!

1961-ல் சேலத்திலிருந்து பிழைக்க வந்தார், நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர். தஹிசர் ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் கூரைக்காகக் குடிசைத் தாதாவுக்கு அவர் அழுதது 2,500 ரூபாய். நூறு நாள் கூலிக்கும் மேல்! 1981 ஜூலையில் அவரைப் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். சில நாட்களில் திரும்பி வந்தார். வேலை இங்கே இருக்கிறது, ஊரில் இல்லை. இந்த எளிய பொருளாதாரம் அதிகாரிகளுக்கு விளங்கவில்லை. பிழைப்புரிமை உயிருரிமையின் பகுதி என்று 1985-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் நடைபாதையில் தங்கும் உரிமையைத் தரவில்லை. மாற்றிடம் என்றதும், 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்குத்தான்.

தனியார் கணக்கையும் பார்த்துவிட்டோம். 2003-ல் பாம்பே ஃபர்ஸ்ட் என்ற வணிகர் அமைப்பும் மெக்கின்சி கம்பெனியும் சேர்ந்து, மும்பையை உலகத்தர நகரமாக்கத் திட்டம் தந்தன. குடிசைவாசிகளைப் பத்தாண்டில் 10-20 சதவீதமாகக் குறைக்கச் சொன்னது அது. குறைப்பது என்றால் எங்கே குறைப்பது? 2004 இறுதியில் புல்டோசர்கள் புறப்பட்டன. சில மாதங்களில் 80,000 குடிசைகளுக்கு மேல் தரைமட்டம்.

சான்பிரான்சிஸ்கோவில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அந்தப் பொருளாதாரப் பிரிவே 2004-ல் மக்கள் வாக்களித்து ஏற்படுத்தியது. நகர மன்றத்துக்கு வரும் சட்டத்தால் பொருளாதாரத்தில் பெரிய விளைவு வருமென்றால், அதை ஆராய்ந்து பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

நாம் கேட்பதும் இதைத்தான். கம்பெனியிலிருந்து வருகிறவர் கம்பெனியை வாசலில் விட்டுவிட்டு வரட்டும். மன்றத்துக்குப் பதில் சொல்லட்டும். இடிப்பதற்கு முன், போகிற கூலி எவ்வளவு, படிப்பு நிற்கிற பிள்ளைகள் எத்தனை என்று கணக்குக் காட்டட்டும். மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அதை நம் சந்து முனையில் ஒட்டட்டும்.

தோழர்களே, தாய்மார்களே! ஏட்டில் பேர் இல்லாதவனுக்கு இடமில்லை என்பதே 1985-ன் பாடம். வந்த ஆண்டு, செய்த வேலை, வாங்கிய கூலி, கட்டிய வாடகை எல்லாவற்றையும் குடும்பந்தோறும் எழுதி வையுங்கள். அவர்கள் கணக்கோடு வரும் நாளில் நம்மிடமும் கணக்கு இருக்க வேண்டும்!